‘இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

நீங்கள் லண்டனில் குழந்தைகள் அறுவை அரங்கில் செவிலியர். உதடும், வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய உங்கள் மருத்துவமனையிலிருந்து ஒரு குழு பத்து நாள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. உங்களையும் அழைத்திருக்கிறார்கள். விடுப்பும் டிக்கெட்டும் உங்கள் செலவு. “அந்தப் பணத்தை அங்கே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடேன், நீ போய் என்ன ஆகப் போகிறது?” என்று அம்மா கேட்கிறார். போவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் குழுத் தலைவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “சளி பிடித்த குழந்தை வந்தால் என்ன செய்வீர்கள்?” அவர் சொல்லும் பதிலில் அந்தப் பயணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் வந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். நான் மதுரையில் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். முப்பது வருட வேலை. மடகாஸ்கரின் மேட்டுநிலத்துக்கு நான்கு முறை ஒரு அறுவைச் சிகிச்சைக் குழுவோடு போயிருக்கிறேன்.

எங்கள் மருத்துவமனைக்கு மூக்கு ஒழுகி, நெஞ்சில் கரகரப்போடு ஒரு குழந்தை வந்தால் நான் யோசிப்பதே இல்லை. “இரண்டு வாரம் கழித்து வாருங்கள்” என்று தாயிடம் சொல்லி அனுப்பிவிடுவேன். அவர் முணுமுணுப்பார், பஸ் செலவு வீண் என்பார், ஆனால் வருவார். சளி இருக்கும்போது குழந்தையின் மூச்சுப்பாதை தொட்டாற்சிணுங்கியாக இருக்கும். மயக்கத்துக்குப் போகும்போதோ தெளியும்போதோ குரல்வளை சட்டென்று இறுகிப் பூட்டிக்கொண்டால் ஒரு மூச்சுக் காற்று உள்ளே போகாது. பிளவு அறுவைச் சிகிச்சையில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். சிகிச்சை நடக்கும் இடமும் வாய்தான், மூச்சுக்குழாய் போகும் வழியும் வாய்தான். அறுவை மருத்துவரும் நானும் ஒரே சின்ன வாயைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். ஒரு துளி ரத்தம், கொஞ்சம் சளி, அவ்வளவு போதும்.

பத்து நாள் குழுவுக்கு ‘இரண்டு வாரம் கழித்து’ என்று ஒரு நாள் கிடையாது. அவர்கள் சொல்லக்கூடியது “அடுத்த வருடம் வாருங்கள்” என்பது மட்டும்தான். அதுவும் அடுத்த வருடம் குழு வந்தால்.

என் முதல் பயணம் ஒரு ஜூலை மாதம். வட நாடுகளின் கோடை விடுமுறையை ஒட்டி நாள் குறிப்பார்கள், ஏனென்றால் தன்னார்வலர்களுக்கு அப்போதுதான் விடுப்பு கிடைக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூலை குளிர்காலம் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போன எனக்கு விடிகாலையில் கை விறைத்தது. யாருக்குச் சிகிச்சை செய்யலாம் என்று பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கும் திரையிடல் நாளில் எங்களால் சிகிச்சை செய்ய முடிந்ததைப் போல மூன்று மடங்கு பேர் வரிசையில் நின்றார்கள். டாக்ஸி-புரூஸ் என்று அங்கே சொல்லும் நெரிசலான வேனில் வந்தவர்கள் ஒருபுறம், நடந்தே வந்தவர்கள் இன்னொரு புறம். குழந்தைகளைத் துணியால் முதுகில் கட்டியிருந்தார்கள். பாதிக் குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அது சளிக்காலம்.

இரண்டு வயதிருக்கும் ஒரு பையன். உதடு இருபுறமும் பிளந்திருந்தது. தகப்பன் இரண்டு நாள் நடந்து வந்திருந்தார். என் ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சு இரைவது கேட்டது. நம் ஊராக இருந்தால் பேச்சே இல்லை. மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்த்தார், தகப்பனும் என் முகத்தையே பார்த்தார். குழுத் தலைவர் மெதுவாக, “இவனை அனுப்பினால் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள்” என்றார். அது உண்மையும்கூட. நான் பட்டியலில் அவன் பெயரை எழுதினேன்.

சிகிச்சை நன்றாக முடிந்தது. மயக்கம் தெளியும்போது குரல்வளை பூட்டிக்கொண்டது. அதை விடுவித்தோம். ஆனால் அன்றிரவு மூச்சு வாங்கத் தொடங்கியது, காய்ச்சல் ஏறியது. ஆக்சிஜன் செறிவூட்டியில் வைத்தோம். நள்ளிரவுக்கு மேல் மின்சாரம் போனது. செறிவூட்டி நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தார். அறுவை அரங்கிலிருந்து ஒரு சிலிண்டரை நாங்கள் மூவர் உருட்டிக்கொண்டு வந்து இணைக்கும் வரை அந்தக் குழந்தையின் நெஞ்சுக்கூடு எலும்புகளுக்கு நடுவே குழிந்து குழிந்து எழுந்ததை நான் மறக்கவில்லை. விடியும்போது தேறினான். நான்காம் நாள் வீட்டுக்குப் போனான். குழுவின் அறிக்கையில் அவன் ஒரு வெற்றி. நான் செய்தது தவறு. அவன் பிழைத்ததால் அது தவறு இல்லை என்று ஆகிவிடாது.

நல்லவர்கள், திறமையானவர்கள், சொந்தக் காசு போட்டு வந்தவர்கள் கூடிய ஒரு குழுவில் இது நடந்தது. யாரும் அலட்சியமாக இல்லை. திரும்பிப் போகும் தேதி குறித்த டிக்கெட்தான் என்னை அப்படி முடிவெடுக்க வைத்தது. அதனால்தான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்.

இந்தப் பயணங்கள் தொடங்கிய கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் லாப் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் தொடங்கிய இன்டர்பிளாஸ்ட்தான் இவ்வகை அமைப்புகளில் முன்னோடி. பிறகு 1982இல் பில் மெகீ என்ற அறுவை மருத்துவரும் செவிலியரான அவர் மனைவி கேத்தியும் ஒரு குழுவோடு பிலிப்பைன்ஸின் நாகா நகரத்துக்குப் போனார்கள். நாற்பது குழந்தைகள் அளவுக்குச் சிகிச்சை செய்ய முடிந்தது. அதைப் போலப் பல மடங்கு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. திருப்பி அனுப்பிய அந்த முகங்களுக்காக மறுபடி வருவோம் என்று முடிவு செய்தார்கள், அப்படிப் பிறந்ததுதான் ஆபரேஷன் ஸ்மைல். 1999இல் வந்த ஸ்மைல் டிரெயின் எதிர்த்திசையில் யோசித்தது. வெளிநாட்டுக் குழுவை விமானத்தில் ஏற்றுவதற்குப் பதில், அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்கே பயிற்சியும் பணமும் கொடுத்து, சொந்த மருத்துவமனையில் வருடம் முழுவதும் சிகிச்சை செய்ய வைப்பது. இந்தியாவில் பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் அந்த வழியில் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். ஆபரேஷன் ஸ்மைலும் பயணங்களோடு நின்றுவிடவில்லை. 2011இல் அஸ்ஸாம் அரசோடு சேர்ந்து குவாஹாத்தியில் பிளவுச் சிகிச்சைக்கென்றே நிரந்தர மையம் திறந்தது. முகாம் நடத்தியவர்களே கட்டடம் கட்ட வந்ததில் எனக்கு வியப்பில்லை. இரண்டு மூன்று முறை போய்வந்த எவருக்கும் அந்த எண்ணம் வந்தே தீரும்.

பிளவு ஒருநாள் வேலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். உதட்டை மூன்று மாதத்துக்கு மேல் தைக்கலாம். அண்ணத்தை ஒன்று, ஒன்றரை வயதுக்குள் மூட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு மூக்கால் வரும். மூடிய அண்ணத்தில் சில குழந்தைகளுக்கு ஓட்டை விழும், மறுபடி மூட வேண்டும். காதில் நீர் கோக்கும். பேச்சுப் பயிற்சி வேண்டும். எட்டு, ஒன்பது வயதில் ஈறில் எலும்பு வைக்க வேண்டும். பருவம் வந்த பிறகு மூக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பத்து நாள் குழு இதில் ஒரு நாளைத் தொடுகிறது. அந்த ஒரு நாள் முக்கியமானதுதான். தைத்து முடித்த குழந்தையைத் தாய் கையில் வாங்கிப் பார்க்கும் அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டால் யாருக்கும் மறுபடி போகத்தான் தோன்றும். நம் ஊரில் கிரகண நேரத்தில் கர்ப்பிணி வெளியே வந்ததால் இப்படிப் பிறந்தது என்று தாயைப் பழிப்பார்கள். உலகத்தில் எங்கே போனாலும் தாயைப் பழிக்க ஒரு காரணம் தயாராக இருக்கிறது. ஆகவே அந்த ஒரு நாளை நான் சிறுமைப்படுத்தவில்லை. மீதி நாள்கள் யார் கையில் என்றுதான் கேட்கிறேன்.

தேவை எவ்வளவு என்பதையும் பாருங்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் உலகளாவிய அறுவைச் சிகிச்சை நிலையைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின்படி, பாதுகாப்பான, தாங்கக்கூடிய செலவிலான அறுவைச் சிகிச்சையும் மயக்க மருந்தும் எட்டாத மக்கள் 500 கோடிப் பேர். உலகில் ஆண்டுதோறும் நடக்கும் ஏறத்தாழ 31 கோடி அறுவைச் சிகிச்சைகளில் மிக ஏழையான மூன்றில் ஒரு பங்கு மக்களுக்குக் கிடைப்பது 6 சதவீதம். ஆண்டுக்கு இன்னும் 14.3 கோடி அறுவைச் சிகிச்சைகள் தேவை. இதை விமானத்தில் போய்வரும் குழுக்களால் நிரப்ப முடியாது. ஒரு மருத்துவமனையின் திறனை அளக்க அந்த ஆணையம் எடுத்துக்கொண்டது மூன்று சிகிச்சைகளை: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அவசரச் சிகிச்சை, தோல் கிழிந்த எலும்பு முறிவு. மூன்றுமே நள்ளிரவில் வருபவை. அந்த நேரத்தில் அந்த ஊரில் இருப்பவர்தான் செய்தாக வேண்டும்.

மதுரைக்காரன் என்பதால் எனக்கு இதை விளக்க ஒரு நல்ல உதாரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கண் முகாம். முன்பெல்லாம் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கி, அங்கேயே கண்புரை எடுத்து, வரிசையாகப் பாயில் படுக்க வைத்துக் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். நல்ல மனத்தோடு செய்த வேலை. ஆனால் தற்காலிக இடங்களில் செய்த சிகிச்சையில் கிருமி தொற்றிக் கண்ணே போன சம்பவங்கள் நாட்டில் பல இடங்களில் நடந்தன. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை முகாமின் பொருளையே மாற்றியது. கிராமத்தில் பரிசோதனை மட்டும். சிகிச்சை வேண்டியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது. கத்தி கிராமத்துக்குப் போகாது, நோயாளிதான் முறையான அரங்குக்கு வருவார். புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை அதிகம் என்றதும் 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையும் மதுரையிலேயே செய்யத் தொடங்கினார்கள்.

நேபாளத்திலும் கிட்டத்தட்ட இதேதான். சந்துக் ரூயித் என்ற கண் மருத்துவர் ஆஸ்திரேலியாவின் ஃபிரெட் ஹாலோஸுடன் பழகியவர். ஹாலோஸ் 1993இல் இறந்துவிட்டார். அவர் பெயரில் இயங்கிய அறக்கட்டளை நேபாளத்தில் ஆண்டுதோறும் இலவச முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் 1994இல் காட்மாண்டுவில் திலகங்கா கண் மையமும் லென்ஸ் தொழிற்சாலையும் உருவாகத் துணை நின்றார்கள். இன்று ரூயித்தின் குழு பிற நாடுகளுக்குப் போய்க் கற்றுக்கொடுக்கிறது. உதவி வாங்கிய நாடு உதவி கொடுக்கும் நாடாக மாறியிருக்கிறது. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் இப்படி இடம் மாறுவதுதான் எனக்குப் பிடித்தது. குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) வைக்கும் வலை விலை அதிகம் என்று மகாராஷ்டிரத்தின் ஒரு சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கி வைத்துப் பார்த்தார். பல வருடம் கழித்து உகாண்டாவில் முறையாக ஆய்வு செய்து, விலை உயர்ந்த வலைக்கு அது குறைந்ததில்லை என்று 2016இல் வெளியிட்டார்கள்.

கப்பல் மருத்துவமனைகளையும் சொல்ல வேண்டும். 1978இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் ஒரு துறைமுகத்தில் பத்து நாள் அல்ல, மாதக்கணக்கில் நிற்கிறது. மின்சாரம், தண்ணீர், ஆக்சிஜன் எல்லாம் கப்பலிலேயே. 2022இல் செனகலின் டாக்கர் துறைமுகத்துக்கு முதன்முதலாக வந்த குளோபல் மெர்சி மருத்துவமனையாகவே கட்டப்பட்ட கப்பல், ஆறு அறுவை அரங்குகள் உண்டு. தாடையில் கட்டி வளர்ந்து மூச்சையே அடைக்கும் நோயாளிகள், தீக்காயத்தால் கை மடங்கி ஒட்டிப்போனவர்கள் என்று கரையில் சிகிச்சை கிடைக்காதவர்கள் வருகிறார்கள். 1980களில் சில மாதம் என்று நினைத்துப் போன கேரி பார்க்கர் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர் பல பத்தாண்டுகள் அந்தக் கப்பல்களிலேயே இருந்துவிட்டார். அங்கே ‘இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்ல முடியும். உங்களால் நீண்ட விடுப்பு எடுக்க முடிந்தால் பத்து நாள் குழுவைவிட இப்படிப்பட்ட இடத்தைத்தான் நான் சொல்வேன்.

இப்போது உங்கள் அம்மா சொன்ன பணத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு குழுவின் விமானக் கட்டணம், தங்கும் செலவு, சரக்குச் செலவு எல்லாம் கூட்டினால், அதே பணத்தில் ஓர் உள்ளூர் மருத்துவமனை பெரும்பாலும் கூடுதல் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்துவிடும். பயிற்சி பெற்ற உள்ளூர் மருத்துவர் ஏற்கெனவே இருக்கும் ஊருக்கு வெளிநாட்டுக் குழு போவதில் எனக்கு உடன்பாடே இல்லை. இலவசமாக வெள்ளைக்காரர் வருகிறார் என்று மக்கள் காத்திருப்பார்கள், அந்த உள்ளூர் மருத்துவரின் அரங்கு காலியாக இருக்கும். மடகாஸ்கரில் வெளிநாட்டவரை ‘வஸாஹா’ என்பார்கள். கறுத்த தோல் என்றாலும் நானும் அவர்களுக்கு வஸாஹாதான். வஸாஹா கைபட்டால் நல்லது என்ற நம்பிக்கையைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு அதில் பெருமை தோன்றவில்லை, வருத்தம்தான்.

ஆனால் பணம் அனுப்பிக் கொடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது.

அந்த முதல் பயணத்தில் உள்ளூர் மயக்க மருந்துச் செவிலியர் ஒருவர் என்னோடு இருந்தார். பெரியவர்களுக்குத் தண்டுவட மயக்கம் கொடுப்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவர். குழந்தைகள் என்றால் தயங்குவார். காரணம் எளிது. அந்த மருத்துவமனையில் அதுவரை பல்ஸ் ஆக்ஸிமீட்டரே கிடையாது. உதட்டின் நிறத்தையும் நகத்தின் நிறத்தையும் பார்த்துத்தான் ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறம் மாறும்போது நேரம் கடந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு நம் வீடுகளில் மாத்திரை டப்பாவோடு கிடக்கும் கருவி அது. அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புக்காக அதுல் கவாண்டே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் உள்ளிட்டோர் 2011இல் தொடங்கிய லைஃப்பாக்ஸ் அமைப்பு முதலில் கையில் எடுத்ததே இந்தக் கருவி இல்லாத அரங்குகளுக்கு அதைக் கொண்டுசேர்ப்பதைத்தான்.

எங்கள் கருவியில் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஓர் ஓசை வரும். ஆக்சிஜன் நிறைவாக இருந்தால் ஓசை உச்சத்தில் இருக்கும், குறையக் குறைய சுருதி இறங்கும். திரையைப் பார்க்கவே வேண்டாம், காதே போதும். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் நான் மருந்துப் பெட்டியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அவர் “டாக்டர்” என்று கூடச் சொல்லாமல் அறுவை மருத்துவரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் திரும்பியபோதுதான் ஓசை இரண்டு படி இறங்கியிருந்தது எனக்கு உறைத்தது. வாயைத் திறந்து வைக்கும் கருவி மூச்சுக்குழாயை மடக்கியிருந்தது. நேராக்கினோம், சுருதி ஏறியது. அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எந்தக் குழந்தையின் புது உதட்டுக்கும் குறைந்ததில்லை. அந்தக் கருவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

கருவி கொடுப்பதிலும் யோசனை வேண்டும். 110 வோல்ட்டில் ஓடும் இயந்திரத்தை 220 வோல்ட் ஊருக்கு அனுப்பி, செருகிய அன்றே புகைந்து, அது ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வடிகட்டி மாற்ற வேண்டிய கருவிக்கு வடிகட்டி அந்த நாட்டிலேயே கிடைக்காது. ஏழை நாட்டு மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வேலை செய்யாமல் கிடப்பதாக 2011இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. தேதி முடிந்த தையல் நூலையும் மருந்தையும் பெட்டி கட்டி அனுப்புவது உதவியே அல்ல. உங்கள் ஊரில் குப்பைக்குப் போக வேண்டியது அங்கே ஒரு குழந்தையின் உடம்புக்குள் போகக் கூடாது.

செவிலியராக நீங்கள் செய்யக்கூடியது அறுவை மருத்துவர் செய்வதைவிடக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அறுவை அரங்கில் நடப்பது ஒரு மணி நேரம். ஆபத்து அதற்குப் பிறகு வரும் இரவில். அண்ணம் தைத்த குழந்தைக்கு நாக்கு வீங்கலாம், ரத்தம் கசியலாம், அதை விழுங்கிக்கொண்டே தூங்கலாம். அந்த இரவில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணும் ஆளுக்குத்தான் நான் பயணக் குழுவில் முதல் இடம் கொடுப்பேன்.

இன்னொன்று, மொழி. ‘நள்ளிரவுக்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டாம், விடிந்த பிறகு தண்ணீர் மட்டும் கொஞ்சம்’ என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லியிருந்தோம். ஒரு தாய் காலையில் குழந்தைக்கு ரனுவுலா கொடுத்துவிட்டார். சோறு வடித்த பானையில் அடிப்பிடித்த பருக்கையோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, மடகாஸ்கரின் மலகாசி மக்கள் சாப்பாட்டோடு குடிக்கும் பானம் அது. அவர்கள் மூன்று வேளையும் சோறு சாப்பிடுபவர்கள், அவர்களுக்கு அதுதான் தண்ணீர். எங்கள் குழுவினர் அந்தத் தாய் பேச்சைக் கேட்கவில்லை என்று கோபப்பட்டார்கள். நீராகாரமும் கஞ்சித் தண்ணீரும் குடித்து வளர்ந்த எனக்கு உடனே புரிந்தது. அவர் நாங்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறார், நாங்கள்தான் சரியாகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தையைப் பட்டியலில் கடைசிக்கு மாற்றினோம். மறுநாள் முதல் அந்த ஊர்ச் செவிலியரே ரனுவுலா என்ற பெயரைச் சொல்லி, அதுவும் கூடாது என்று தாய்மார்களிடம் பேசினார். ஒருவருக்கும் பிசகவில்லை.

பால் கொடுப்பதும் அப்படித்தான். அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது. திரையிடலில் எடை குறைவு என்று திருப்பி அனுப்பும் குழந்தைகளில் பலருக்கு நோய் எதுவும் இல்லை, பட்டினி. இரண்டாம் பயணத்தில் மதுரையிலிருந்து ஒரு பை நிறையப் பாலாடை வாங்கிக்கொண்டு போனேன். நம் பாட்டிமார் வீட்டில் இருக்கும் அதே மூக்கு வைத்த பாலாடைதான். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தோரமாகச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லிக் கொடுத்தோம். எடை ஏறினால்தான் அறுவைச் சிகிச்சை, அதனால் அந்தக் குழந்தைகளுக்கு உண்மையான முதல் சிகிச்சை பாலாடைதான். அதை வாங்க விமானச் செலவுகூட வேண்டாம்.

அப்படியானால் உங்கள் குழுத் தலைவரிடம் வேறு என்ன கேட்பது? அங்கே யார் அழைத்தார்கள், அதே ஊருக்கு எத்தனையாவது முறை, நீங்கள் கிளம்பிய பிறகு தையல் பிரித்துப் பார்ப்பவர் பெயர் என்ன, பெயரைச் சொல்ல முடிகிறதா. அந்த நாட்டுப் பதிவும் அனுமதியும் வாங்கியாயிற்றா. ஆறு மாதம் கழித்து எத்தனை அண்ணத்தில் ஓட்டை விழுந்தது என்று கணக்கு இருக்கிறதா, அல்லது கிளம்பும் நாள் எடுத்த புகைப்படத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறதா. மேசையில் கத்தியைப் பிடிப்பவர் யார்: வந்தவரா, இருப்பவரா. மூன்றாவது வருடமும் வந்தவரேதான் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் நான் போக மாட்டேன். லண்டனில் உங்களைச் செய்ய விடாத வேலையை அங்கே செய்யச் சொன்னாலும் போகாதீர்கள். ஏழைக் குழந்தை பழகிக்கொள்ளக் கிடைத்த உடம்பு அல்ல.

கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பியாவைச் சொல்கிறேன். ரெஜினால்ட் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் என்ற மகப்பேறு மருத்துவத் தம்பதி 1959இல் அடிஸ் அபாபாவுக்குச் சில வருட ஒப்பந்தத்தில் போனார்கள். பிரசவம் நாள்கணக்கில் நின்றுபோய், சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, ஓயாமல் சிறுநீர் ஒழுகி, வீட்டை விட்டே ஒதுக்கப்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். திரும்பவே இல்லை. கேத்தரின் 2020இல் தொண்ணூற்றாறு வயதில் அங்கேயே இறந்தார். அவர்களிடம் நோயாளியாக வந்த மாமிட்டு காஷே என்ற பெண் பள்ளிக்கூடம் பார்க்காதவர். முதலில் படுக்கை விரித்தார், பிறகு அரங்கில் கருவி எடுத்துக்கொடுத்தார், பிறகு ஹாம்லின் தம்பதி அவருக்குத் தைக்கவே சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் வெளிநாட்டு அறுவை மருத்துவர்கள் அந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து நின்றார்கள். தனக்கு வந்த நோயை அடுத்த பெண்ணுக்குத் தீர்க்கும் கையாக அவர் ஆனதைவிட ஒரு மருத்துவமனைக்கு வேறென்ன வேண்டும்?

நான்காவது பயணத்தைச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் அதை மே மாதக் கடைசிக்கு மாற்றியிருந்தோம், குளிர் முற்றுவதற்கு முன்பே. குழுவில் நாங்கள் ஐந்தே பேர். திரையிடலை அந்த ஊர் மருத்துவர்களும் செவிலியர்களும் நடத்தினார்கள். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூக்கு ஒழுகும் ஒரு பெண் குழந்தையை இறக்கி வைத்தார் ஒரு தாய். முதல் பயணத்தில் என்னோடு நின்ற அதே மயக்க மருந்துச் செவிலியர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை. தாயிடம் மலகாசி மொழியில் ஏதோ சொன்னார், ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். தாய் தலையாட்டினார், குழந்தையை முதுகில் ஏற்றித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கண்ணீர் இல்லை, கெஞ்சல் இல்லை.

என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“ஜூன் மாதம், இரண்டாவது வியாழக்கிழமை” என்றார். எனக்கு விமானம் அதற்கு முன்பே, வரும் சனிக்கிழமை.